டவுன் பஸ்ஸையும் சைக்கிளையும் வில்லுப்பாட்டுல ஏத்துறது எப்படி

பஸ்ல போங்க, சைக்கிள் மிதிங்க, பக்கத்து தெருவுக்காவது நடந்து போங்கன்னு ஊர்ல ஒரு நிகழ்ச்சி வைக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா யாருக்கு சொல்லப் போறோம்னு யோசிக்காமலே மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடுறாங்க. நம்ம ஊர்ல சாயங்காலம் நிகழ்ச்சின்னா முன்னாடி பாய் விரிச்சு உக்காரப் போறது யாரு? பொம்பளைங்க, பிள்ளைங்க, வயசானவங்க. இவங்க எல்லாருமே ஏற்கெனவே பஸ்லயும் நடந்தும்தான் போறாங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, அதனால பூ விக்கப் போறவங்க, கடைக்கு வேலைக்கு போறவங்க எல்லாரும் பிங்க் பஸ்லதான் தொங்கிட்டு போறாங்க. அவங்கள உக்கார வச்சு "பஸ்ல போங்க"ன்னு ரெண்டு மணி நேரம் பாடினா அது எவ்வளவு பெரிய கூத்து!

சொல்ல வேண்டியது பின்னாடி பைக்ல சாஞ்சு, இன்ஜினை கூட ஆஃப் பண்ணாம நின்னு பாக்குறான் பாருங்க, அவனுக்கு. இருபதுல இருந்து நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, டீக்கடைக்கும் வண்டி, வாய்க்காலுக்கு குளிக்கப் போகவும் வண்டி. அவனை திட்டுனா போயிடுவான், பாடம் எடுத்தா கொட்டாவி விடுவான், சிரிக்க வச்சா மட்டும் நிப்பான். மொத்த நிகழ்ச்சியையும் இதை மனசுல வச்சுதான் கட்டணும்.

அப்புறம் கேக்குறது ஒண்ணே ஒண்ணா இருக்கணும். சுற்றுச்சூழல் காப்போம், மாசு ஒழிப்போம்னு பேனர் வேணா கட்டிக்கலாம், அதைக் கேட்டு எவனும் மறுநாள் காலைல வேற மாதிரி கிளம்ப மாட்டான். உங்க ஊருக்கு காலைல எட்டேகாலுக்கு ஒரு டவுன் பஸ் வருது, ஆள் ஏறலன்னு ட்ரிப்பை நிறுத்தப் போறதா பேச்சு அடிபடுதுன்னா அந்த எட்டேகால் பஸ்தான் உங்க கதை. இல்ல, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு குடுத்த ஃப்ரீ சைக்கிள் எல்லாம் திண்ணையோரம் காத்து இறங்கி துருப்பிடிச்சு கெடக்கு, பிள்ளைகளை அப்பாமார் பைக்ல கொண்டு விடுறாங்கன்னா அந்த சைக்கிள்தான் கதை. ரெண்டையும் ஒரே ராத்திரில போட்டு குழப்பாதீங்க.

எந்த கலை?

இதுக்கு நான் சொல்ற பதில் எல்லாருக்கும் பிடிக்காது. உங்களுக்கு பிடிச்ச கலை இல்ல, அந்த மண்ணுல ஏற்கெனவே ஓடிட்டு இருக்கிற கலை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம்னா வில்லுப்பாட்டு, கண்ணை மூடிட்டு. சுடலைமாடன் கொடை, இசக்கியம்மன் கொடைன்னு கோயில் திருவிழாவுல சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்த காது, எங்க சிரிக்கணும் எங்க குலவை போடணும்னு சொல்லித் தரவே வேண்டாம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம்னா தெருக்கூத்து, அங்க கோமாளி வேஷத்துல கட்டியங்காரன் இருக்கான், அவன் துரியோதனன் சபைல நின்னுக்கிட்டே பெட்ரோல் விலையை கேப்பான், ஜனம் அதை எதிர்பார்த்துதான் உக்காந்திருக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இப்ப வள்ளி கும்மிக்கு கூட்டம் அள்ளுது, பாட்டை மட்டும் புதுசா எழுதிக் குடுத்தா போதும். ஸ்கூல் பிள்ளைகளுக்குன்னா பாவைக்கூத்து. மார்கழியில கோலப்போட்டி வச்சு சைக்கிள் கோலம் போடச் சொல்றது சுலபம், செலவும் இல்ல, ஆனா அது போட்டோவுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

நான் இங்க வில்லுப்பாட்டை வச்சே சொல்றேன், எனக்கு கை வந்தது அதுதான், மத்த கலைக்கு நீங்க மாத்திக்கோங்க.

வில்லுப்பாட்டுல இந்த மாதிரி பொது விஷயம் பாடுறது புதுசும் இல்ல. கோயில் கொடைக்குள்ள இருந்த வில்லை பொதுமேடைக்கு கொண்டு வந்ததுல கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், கொத்தமங்கலம் சுப்பு, சுப்பு ஆறுமுகம்னு பெரிய ஆட்களோட பங்கு இருக்கு, காந்தி கதையையே வில்லுல பாடி ஜனங்ககிட்ட கொண்டு சேர்த்திருக்காங்க. சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டார். அதனால "சாமி கதை பாடுற வில்லுல பஸ்ஸா"ன்னு யாராவது இழுத்தா இதைச் சொல்லுங்க.

ஆளை பிடிக்கிறது, சம்பளம்

குழுவை தேட யூட்யூப் வேண்டாம். பக்கத்து ஊர் கோயில் கமிட்டில கேளுங்க, போன கொடைக்கு யார் வந்தாங்க, யாருக்கு கூட்டம் கலையாம இருந்துச்சுன்னு அவங்களுக்கு அத்துபடி. இல்லன்னா கலை பண்பாட்டுத் துறையோட மண்டல ஆபீஸ், மாவட்டக் கலை மன்றம், அங்க கலை நன்மணி, கலை முதுமணி விருது வாங்கினவங்க விவரம் கிடைக்கும், நலவாரியத்துல பதிஞ்ச கலைஞர்களும் உண்டு. தேதி பாக்கும்போது பங்குனி, சித்திரை, ஆடி மாசங்களை விட்டுடுங்க, அது கொடை சீசன், அவங்களுக்கு வருஷத்து வருமானமே அப்பதான், அந்த நேரத்துல போய் "சமூக சேவை, கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க"ன்னு கேக்குறது நியாயம் இல்ல. கம்மி பண்ணச் சொல்றதே நியாயம் இல்லன்னுதான் நான் சொல்லுவேன். பந்தல்காரர், மைக் செட்காரர், பேனர் அடிக்கிறவர் எல்லாரும் முழு காசு வாங்குறப்ப பாடுறவருக்கு மட்டும் சால்வையும் சர்டிபிகேட்டுமா? கொடைக்கு என்ன வாங்குவாங்களோ அதை பேசி, பாதியை முன்கூட்டியே குடுத்து, மீதியை வில்லை இறக்கி வச்ச உடனே கையில குடுத்துடணும். சாப்பாடு, வேன் வாடகை தனி. வில்லு, குடம், உடுக்கை எல்லாம் சேர்த்து அவங்களை டவுன் பஸ்ல வரச் சொல்லி கொள்கையை காட்டாதீங்க, அந்த வில்லு ஆள் உயரத்தை விட நீளம்.

பாட்டை நீங்க எழுதாதீங்க

இதுதான் முக்கியம். ஒரு நோட்டீஸ் மாதிரி நாலு பக்கம் டைப் பண்ணி "இதை அப்படியே பாடிடுங்கண்ணே"ன்னு குடுத்தா அவங்களும் அப்படியே பாடுவாங்க, காசு வாங்கியாச்சே, ஆனா அது அரசாங்க அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். அதுக்கு பதிலா பத்து நாளுக்கு முன்னாடி அண்ணாவியை, அதாவது குழுவுல முன்னாடி நின்னு பாடுற புலவரை, ஊருக்கு ஒருதடவை கூப்பிடுங்க. அந்த எட்டேகால் பஸ்ல அவரை ஏத்துங்க. கண்டக்டர்கிட்ட பேசட்டும், கூடையோட ஏறுற அக்காகிட்ட பேசட்டும், இறங்கி டீக்கடையில ஒரு அரைமணி நேரம் சும்மா உக்காரட்டும். அவர் கண்ணுக்கு படுறது உங்க கண்ணுக்கு படாது. பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள்ள ஆள் நிக்க முடியாம வரிசையா பைக் நிறுத்தி வச்சிருக்கிறதை பாத்துட்டு ஒருத்தர் சொன்னார், "வே, இதுல பைக்குதான் பஸ்ஸுக்கு காத்துக்கிட்டு நிக்கி". அந்த ஒரு வரி போதும், அதுக்கு மேல நீங்க என்ன எழுதிடப் போறீங்க?

நீங்க குடுக்க வேண்டியது கணக்கு மட்டும்தான். கார்பன் இத்தனை டன், புகை இத்தனை சதவீதம்னு எல்லாம் வேண்டாம், மேடைல எடுபடாது. பெட்ரோல் கணக்கு எடுபடும். டவுனுக்கு 15 கிலோமீட்டர், போக வர 30. வண்டி லிட்டருக்கு 50 குடுக்குதுன்னு வைங்க, லிட்டர் 100 ரூபான்னு ரவுண்டா வச்சாலும் ஒரு நாளைக்கு 60 ரூபா, மாசம் 25 நாள்னா 1500, வருஷத்துக்கு 18000. ஆயில், டயர், சர்வீஸ் எல்லாம் சேக்காமலே. இதுக்கு பக்கத்துல உங்க ஊர் பஸ் டிக்கெட் என்னவோ அதை வச்சு பெருக்கி காட்டட்டும், பொம்பளைங்களுக்கு பைசா கிடையாது. வில்லுல இந்த கணக்கை ஒரே மூச்சுல சொல்லக்கூடாது, ஒவ்வொரு நம்பருக்கும் குடத்துக்காரர் "எம்புட்டு? எம்புட்டு?"ன்னு திருப்பி கேக்கணும், 18000 வர்ற இடத்துல வில்லை தட்டுற வீசுகோலை ஓங்கி அடிச்சு மணி எல்லாம் குலுங்கி நிக்கணும். அப்ப பாருங்க, முன்னாடி உக்காந்திருக்கிற அம்மாமார் திரும்பி தன் வீட்டு ஆளை தேடுவாங்க.

பாட்டோட அமைப்பை உடைக்க வேண்டாம், பழைய அமைப்புலயே எல்லாத்துக்கும் இடம் இருக்கு. காப்பு, வருபொருள் (பாடப்போற கதை என்னன்னு) சொல்றது, குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், கதை, கடைசில வாழி. காப்புல கை வைக்காதீங்க, எந்த சாமியை கூப்பிடுறது எப்படி கூப்பிடுறதுங்கிறது அவங்க பாடு. அவையடக்கத்துல புலவர் "நானும் வண்டி வச்சிருக்கிறவன்தான்யா"ன்னு ஒத்துக்கிட்டா நல்லது, மேடைல இருந்து உபதேசம் வருதுங்கிற நெனப்பே கூட்டத்துக்கு வராது. ஆனா உங்க வேலை எல்லாம் நாட்டு வளத்துலதான் இருக்கு. சாமி கதைல சோலையையும் வயலையும் ஆத்தையும் வருணிக்கிற அந்த இடத்துல உங்க ஊர் ரோட்டை வருணிக்கச் சொல்லுங்க. ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டுன புளியமரங்கள் எந்த வளைவுல இருந்து எந்த வளைவு வரைக்கும் நின்னுச்சு, மணிக்கணக்குல வாடகை சைக்கிள் விட்ட கடை எங்க இருந்துச்சு, குரங்கு பெடல் அடிச்சு முட்டிய பேத்துக்கிட்டது எந்த பாலத்துல, முதல் பஸ் வந்தப்ப எங்க தேங்கா உடைச்சாங்க. இதெல்லாம் ஊர்ல எழுவது வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட கேட்டு புலவருக்கு சொல்லிடுங்க. மொத்த நிகழ்ச்சிலயும் பெருசுங்க கண்ணை துடைக்கிற இடம் இதுவாத்தான் இருக்கும், இளவட்டம் கூட வாயை மூடி கேக்கும், ஏன்னா அவங்க அப்பா பேரு தெரிஞ்ச கடை அதுல வருது.

கதைக்குள்ள சிரிப்பை யார்கிட்ட வைக்கிறது? "ஆமா" போடுறவங்கள்ல குடத்துக்காரர்கிட்ட. அவர்தான் பைக் பைத்தியமா இருக்கணும், புலவர் இல்ல. புலவர் கேள்வி கேட்டுட்டே போகணும், இவரு தன் வாயாலயே மாட்டிக்கணும். ஒரு மாதிரிக்கு இப்படி:

புலவர்: முக்குத் தெருவிலே டீக்கடையாம்
குழு: ஆமா, டீக்கடையாம்
புலவர்: மூணே நிமிசம் நடந்து போனா
குழு: ஆமா, நடந்து போனா
குடத்துக்காரர்: நடந்தா? யாரு நடந்தா? அண்ணாவி, எனக்கு புது வண்டி இருக்கு.
புலவர்: சரிப்பா, வண்டிய வெளிய எடுக்க எவ்வளவு நேரம்?
குடத்துக்காரர்: ஆட்டுக்குட்டிய அவுத்து கட்டணும், அம்மா வடகம் காயப்போட்டத நகட்டணும், செல்ஃப் எடுக்காது, உதைக்கணும்… ஒரு பத்து நிமிசம் ஆகும்.
புலவர்: டீக்கடை வந்தாச்சா?
குடத்துக்காரர்: கியர் மாத்துறதுக்குள்ள கடைய தாண்டிட்டேன் அண்ணாவி, திருப்பிட்டு வாரேன்!

இதை அவங்க இன்னும் பத்து மடங்கு நல்லா பண்ணுவாங்க, நீங்க சூழ்நிலையை மட்டும் சொன்னா போதும்.

பேரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. கதைல வர்ற ஆளுக்கு அந்த ஊர்ல உயிரோட இருக்கிற யார் பேரும் வரக்கூடாது, பட்டப்பேரும் கூடாது. சிரிப்புக்கு ஆளான பேரு மறுநாள் ஸ்கூல்ல பிள்ளை வரைக்கும் போகும், அப்புறம் அடிதடி. அதே மாதிரி நின்னுபோன பஸ்ஸுக்கு ஒப்பாரி வைக்கிற ஒரு கட்டம் இருக்கு, கூட்டம் வயிறு வலிக்க சிரிக்கும், ஆனா அந்த தெருவுல சமீபத்துல யாராவது தவறியிருந்தாங்கன்னா அந்த கட்டத்தை எடுத்துடணும். நிகழ்ச்சி அன்னைக்கு காலைல விசாரிச்சுக்கோங்க.

வாழில சாமிக்கு அப்புறம் டிரைவர், கண்டக்டர், பஞ்சர் கடைக்காரர், காலைல ஸ்டாப்பை கூட்டுற அம்மா எல்லாருக்கும் வாழி பாடச் சொல்லுங்க. அந்த டிரைவரும் கண்டக்டரும் கூட்டத்துல இருந்தா இன்னும் நல்லது, டூட்டி இல்லாத நாளா பாத்து வீட்டுக்கே போய் வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடுங்க. வருஷக்கணக்கா லேட்டுன்னு ஏச்சு மட்டுமே வாங்கின ஆளுங்க, அவங்களுக்கு யாரும் வாழி பாடி நான் பாத்தது இல்ல.

இடம், மைக்

கோயில் வாசல்ல வச்சா கூட்டம் தானா வரும்னு சொல்லுவாங்க. வரும், ஆனா எல்லாரும் வருவாங்களா? நம்ம ஊர்கள்ல எந்த தெரு ஆளுங்க எந்த கோயில் வாசலுக்கு வரமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், வாய் விட்டு சொல்றது இல்ல, அவ்வளவுதான். பஸ் எல்லாருக்கும் பொது, அதனால பஸ் ஸ்டாப் பக்கத்துலயோ ஸ்கூல் மைதானத்துலயோ வைங்க. பறை வைக்கிறதா இருந்தா கூட்டம் சேக்குறதுக்கு வாசல்ல நாலு அடி அடிச்சுட்டு போகச் சொல்ற வேலையெல்லாம் வேண்டாம், அவங்களையும் மேடை ஏத்தி தனியா நேரம் குடுங்க, பேரு சொல்லி அறிவிங்க.

லோக்கல் ஸ்டேஷன்ல மைக் பெர்மிஷன் எழுதி வாங்கிடுங்க, பஞ்சாயத்துக்கும் ஒரு கடுதாசி. ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள வாழி பாடிடணும். கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், ரெண்டு பாக்ஸ் போதும். குடத்துக்கு தனி மைக் கட்டாயம், மைக் செட்காரங்க புலவருக்கும் பக்கப்பாட்டுக்கும் மட்டும் வச்சுட்டு குடத்தை மறந்துடுவாங்க, குடத்து சத்தம் இல்லாத வில்லு ரொம்ப மொட்டையா இருக்கும். விளக்கேத்த விஐபி வந்தா அவருக்கு ரெண்டு நிமிஷம், அதுவும் முதல்லயே, பாட்டு நடுவுல யாரையும் பேச விடாதீங்க, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். ஒரு தடவை கூட்டம் எந்திரிச்சா திரும்ப உக்காராது.

பாட்டு முடிஞ்ச மறுநாள்

இங்க புதுக்கோட்டையை பத்தி சொல்லியே ஆகணும். 1991ல அறிவொளி இயக்கம் அங்க ஆரம்பிச்சப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் கத்துக் குடுக்கிறதையும் இயக்கத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. பாட்டும் இருந்துச்சு, வீதி நாடகமும் இருந்துச்சு. ஆனா பாட்டோட நிறுத்தல. ஞாயித்துக்கிழமை ஊருக்கு ஊர் பயிற்சி, சைக்கிள் வாங்க கடன், லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தப்ப ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க, முன்னாடி பார்ல பிள்ளையை உக்கார வைக்கலாம்னு சிலபேர் அதையேதான் விரும்பினாங்களாம். 1992 மகளிர் தினத்துக்கு 1500 பேருக்கு மேல சைக்கிள்ல கொடி கட்டி பெல் அடிச்சுக்கிட்டு டவுனுக்குள்ள வந்தாங்க. பாட்டு ஆசையை கிளப்பிச்சு, மறுநாள் காலைல மைதானத்துல சைக்கிளும் சொல்லிக் குடுக்க ஆளும் தயாரா நின்னுச்சு. இந்த ரெண்டாவது பாதி இல்லாம நீங்க நடத்துற எந்த நிகழ்ச்சியும் வெறும் பொழுதுபோக்குதான்.

அதனால வில்லு பாடுறதுக்கு முன்னாடியே மறுநாளுக்கு ஏதாவது தயாரா இருக்கணும். கதை பஸ் கதைன்னா, ஸ்டாப்ல பெரிய எழுத்துல டைம் எழுதின தகரம் ஒண்ணு அன்னைக்கு ராத்திரியே மாட்டியாகணும். போர்டு வாசகத்தை டிப்போவுல காட்டி சரியான்னு கேட்டுட்டு எழுதுங்க, தப்பான டைம் எழுதி ஒருத்தன் வெயில்ல நின்னான்னா அவன் ஜென்மத்துக்கும் பஸ் ஏற மாட்டான். கதை சைக்கிள் கதைன்னா, பஞ்சர் கடைக்காரரை மறுநாள் காலைல மைதானத்துக்கு வரச்சொல்லி கூலியை நீங்க குடுத்து, திண்ணையில கெடக்கிற ஃப்ரீ சைக்கிளை எல்லாம் காத்தடிச்சு, செயின் மாட்டி, பிரேக் கட்டை மாத்திக் குடுக்க வைங்க. அப்படியே தூர தெருவுல இருந்து ஸ்டாப் வரைக்கும் சைக்கிள்ல வந்து பூட்டிட்டு பஸ் ஏறுற மாதிரி ஒரு இடம் ஒதுக்க முடியுமான்னு பாருங்க, நிழற்குடைக்குள்ள இருக்கிற பைக்கை எல்லாம் கிளப்பினாலே பாதி இடம் கிடைச்சிடும்.

பஸ் நேரத்துக்கு வரலன்னா, வர்றதே இல்லன்னா, ஜனத்தை குத்தம் சொல்லி பாட உங்களுக்கு உரிமையே இல்ல, முதல்ல பஸ்ஸை கேட்டு பாடணும். அதுக்கு தேதியை கிராம சபைக்கு முந்தின நாள் சாயங்காலமா வைங்க. வருஷத்துக்கு ஆறு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 பங்குனியில வருது, மே 1 சித்திரையில வருது, கலைஞர்கள் கிடைக்க மாட்டாங்க, ஆகஸ்ட் 15 ஆடிக் கடைசியோட முட்டும், மத்த மூணுல ஒண்ணை எடுத்துக்கோங்க. முந்தின நாள் ராத்திரி சிரிச்சவங்க சூட்டோட சூடா மறுநாள் வந்து தீர்மானத்துக்கு கை தூக்குவாங்க. தீர்மானத்துல "பேருந்து வசதி வேண்டும்"னு மொட்டையா எழுதாதீங்க, தடம் எண், எந்த நேரத்து ட்ரிப், எந்த ஸ்டாப், எத்தனை வீடு, எத்தனை ஸ்கூல் பிள்ளைன்னு எழுதி நகல் வாங்கி அதை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவோட இணைச்சு குடுத்து ரசீது வாங்கிடுங்க.

பலன் இருந்துச்சான்னு பாக்க பெரிய சர்வே எல்லாம் வேண்டாம். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் அந்த ஒரு பஸ்ல உங்க ஸ்டாப்ல எத்தனை பேர் ஏறுறாங்க, அதுல ஆம்பளை எத்தனைன்னு காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தனை நோட்டுல குறிக்கச் சொல்லுங்க. நிகழ்ச்சிக்கு அடுத்த வாரம் ஒருதடவை, ரெண்டு மாசம் கழிச்சு ஒருதடவை. முதல் வாரம் கூடும், அது பாட்டோட சூடு, ரெண்டு மாசம் கழிச்சு நிக்கிற நம்பர்தான் நிஜம். கூடியிருந்தா அந்த நோட்டையே டிப்போ மேனேஜர்கிட்ட காட்டி ட்ரிப்பை நிறுத்தாதீங்கன்னு பேசலாம். கூடலன்னா அதே குழுவை திரும்ப கூப்பிடுங்க, ஆனா அதே பாட்டை பாட விடாதீங்க, மனு என்ன ஆச்சு, யார் கையில நிக்குது, பஸ் எத்தனை நாள் வராம போச்சுன்னு அதை வச்சு கதையோட அடுத்த பாகத்தை அண்ணாவி கட்டட்டும். முதல் தடவை வந்த கூட்டம் அது என்னாச்சுன்னு கேக்கவாவது வரும்.